அச்சகத்தின் தலையில் விழும் பழி

சிங்கப்பூரின் புக்கிட் பாஞ்சாங் வட்டாரத்தில் தீபாவளியோ பொங்கலோ தமிழ் மொழி விழாவோ முடிந்தபின் நடக்கும் கணக்குக் கூட்டங்களில் ஒரு வாசகம் தவறாமல் காதில் விழும்: “கம்ப்யூட்டரில் அவ்வளவு அழகாக இருந்தது, அச்சகத்தில் கெடுத்துவிட்டார்கள்.” சுவரொட்டியில் தங்க நிறம் பழுப்பாகிவிட்டது. சிறப்பு விருந்தினரின் முகம் கட்டம் கட்டமாகத் தெரிகிறது. தலைப்பில் கொம்பு இடம் மாறி நிற்கிறது. மூன்றுக்கும் குற்றவாளி ஒருவரே. “அடுத்த முறை வேறு அச்சகம்” என்று குறிப்பேட்டில் எழுதிவிட்டு எல்லாரும் தேநீர் குடிக்கப் போய்விடுவார்கள். அடுத்த முறை அச்சகம் மாறும், பழுப்பு மாறாது.

இந்தப் புகார் பெரும்பாலும் பொய் என்பது என் வாதம். கெட்டதாகச் சொல்லப்படும் அச்சில் பெரும்பகுதி அச்சகத்தின் வாசலைத் தொடுவதற்கு முன்பே, நம் மடிக்கணினியிலும் கைப்பேசியிலும் கெட்டுப்போனது. அதிலும் தமிழ் எழுத்து உடைந்து வரும் விஷயத்தில், அச்சகத்தார் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அவரால் நம்மைக் காப்பாற்ற முடியாது. ஆளை மாற்றுவதால் இது தீராது. வேலை செய்யும் முறையை மாற்ற வேண்டியவர்கள் நாம்தான்.

இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் நம்மீது கொஞ்சம் இரக்கம்கூட வரும். 1887-ல் மகதூம் சாயபு ‘சிங்கை நேசன்’ இதழை இங்கே தொடங்கிய காலத்தில் அச்சகத்துக்குப் போனது கையால் எழுதிய பிரதி, அவ்வளவே. ஈய எழுத்துகளைப் பெட்டியிலிருந்து பொறுக்கி அடுக்கியவர் அச்சுக்கோப்பாளர். கொம்பு தனி ஈயத் துண்டு. அதை எழுத்துக்கு முன்னால் வைக்க வேண்டும் என்பது அவர் விரலுக்குப் பழகியிருந்தது. பிறகு மெய்ப்பு எடுத்துக் காட்டுவார்கள். நாம் திருத்திக் கொடுப்போம். அவர்கள் மாற்றி அடுக்குவார்கள். படம் வேண்டுமென்றால் பிளாக் செய்வதும் அவர்கள் பொறுப்பு. அந்தக் காலத்தில் அச்சு கெட்டால் அச்சகத்தைத் திட்டியதில் நியாயம் இருந்தது.

1984-ல் அடோபி நிறுவனத்தின் போஸ்ட்ஸ்கிரிப்ட் வந்தது. அடுத்த ஆண்டே ஆப்பிளின் லேசர் அச்சுப்பொறியும் ஆல்டஸின் பேஜ்மேக்கரும் வந்தன. அதன்பின் சில ஆண்டுகளுக்குள் அச்சுக்கோப்பு வேலை அச்சகத்தை விட்டு வெளியேறி வாடிக்கையாளரின் மேசைக்கு வந்துவிட்டது. இன்று ஒரு சமூக மன்றத்தின் இந்தியர் நற்பணிச் செயற்குழுவில் சுவரொட்டி செய்யும் தொண்டூழியர்தான் அச்சுக்கோப்பாளர். பிளாக் செய்பவர் அவரே. மெய்ப்புத் திருத்துபவரும் அவரே. வேலை முழுவதும் கைமாறிவிட்டது. பொறுப்பு மட்டும் பழைய விலாசத்திலேயே இருக்கிறது என்று நினைத்துக்கொள்கிறோம். டவுன்டவுன் பாதையில் புக்கிட் பாஞ்சாங்கில் ஏறி ரோச்சோரில் இறங்கினால் நடந்து போகும் தூரத்தில் சன்ஷைன் பிளாசா. அங்கே வரிசையாக அச்சுக் கடைகள். அவர்கள் சொல்லும் விலை, கொடுத்த கோப்பைக் கொடுத்தபடி அச்சிடுவதற்கான விலை. கோப்பைச் சரிசெய்து தரவும் ஆள் உண்டு, அதற்குத் தனிக் கட்டணம். அந்தக் கட்டணத்தைத் தவிர்த்துவிட்டு அந்தச் சேவையை மட்டும் எதிர்பார்ப்பது எந்த ஊர் வியாபாரம்?

முகத்தில் விழும் கட்டங்களிலிருந்து தொடங்குவோம், அது எளிய கணக்கு. படத்தை வழக்கமான முறையில் வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நீளப்பக்கம் சுமார் 1,600 பிக்சலாகச் சுருங்கிவிடும். கையில் பிடித்துப் பார்க்கும் அச்சுக்கு அங்குலத்துக்கு 300 பிக்சல் என்பது வழக்கமான அளவு. அந்தக் கணக்கில் 1,600 பிக்சல் பதின்மூன்றரை சென்டிமீட்டருக்குத்தான் போதும். அதை ஏ3 சுவரொட்டியின் 42 சென்டிமீட்டர் நீளத்துக்கு இழுத்தால் அங்குலத்துக்கு 97 பிக்சல்தான் தேறும். கைப்பேசித் திரையில் உள்ளங்கை அளவில் பார்த்தபோது பளிச்சென்று இருந்த அதே படம்தான். அச்சகம் எதையும் குறைக்கவில்லை. குறைத்து அனுப்பியது நாம். 2023 முதல் வாட்ஸ்அப்பிலேயே உயர்தரத் தெரிவு இருக்கிறது. அதைவிட நல்லது, படத்தை ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்புவது. அப்போது ஒரு பிக்சலும் குறையாது. விருந்தினரின் செயலாளரிடம் “மூலப் படத்தை அப்படியே அனுப்புங்கள்” என்று கேட்கக் கூச்சப்படுகிறோம். முகம் சிதைந்து வந்தபின் அச்சகக்காரரிடம் சத்தம் போட மட்டும் கூச்சம் வருவதில்லை.

நிறத்துக்கு வருவோம். திரை ஒளியை உமிழ்கிறது. காகிதம் தன்மேல் விழும் ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று ஒளிகளால் திரை காட்டும் நிறங்கள் எல்லாவற்றையும், சயான், மெஜென்டா, மஞ்சள், கறுப்பு என்ற நான்கு மைகளால் கொண்டுவர முடியாது. நம் துரதிர்ஷ்டம், நமக்குப் பிடித்த நிறங்கள் பல அந்த எல்லைக்கு வெளியே இருக்கின்றன. மயில்கழுத்து, கிளிப்பச்சை, எரியும் ஆரஞ்சு, மின்னும் கத்தரிப்பூ எல்லாம் அச்சில் ஒரு படி இறங்கித்தான் வரும். குங்குமச் சிவப்பு தப்பித்துக்கொள்ளும். மெஜென்டாவும் மஞ்சளும் முழு அளவில் சேர்ந்தால் நல்ல சிவப்பு கிடைக்கும்.

தங்கத்தின் கதை வேறு. தீபாவளிச் சுவரொட்டி என்றாலே மெரூன் பின்னணியில் தங்க எழுத்து என்பது எழுதாத சட்டம். தங்கம் நம் கண்ணுக்குத் தங்கமாகத் தெரிவது அதன் பளபளப்பால். திரையில் வெளிறிய மஞ்சளிலிருந்து அடர்பழுப்புக்கு ஒரு படிநிலைச் சாயம் பூசி அந்தப் பளபளப்பைப் போலியாகக் காட்டுகிறோம்; திரையின் சொந்த ஒளி அந்தப் போலிக்குத் துணைபோகிறது. காகிதத்தில் அந்தத் துணை கிடையாது. வெளிறிய மஞ்சளும் பழுப்பும் உள்ளது உள்ளபடி அச்சாகின்றன. அச்சகம் தங்கத்தைப் பழுப்பாக்கிவிடவில்லை. நாம் அனுப்பியதே பழுப்பு. மெய்யான தங்கம் வேண்டுமென்றால் பேன்டோன் 871 போன்ற உலோக மை வேண்டும், அல்லது கல்யாணப் பத்திரிகையில் செய்வதுபோலச் சூடான ஃபாயில் பதிக்க வேண்டும். இரண்டும் தனிச் செலவு. செலவு வேண்டாமென்றால் தங்கத்தைக் கைவிட்டு நல்ல அடர்மஞ்சளைத் தேர்ந்தெடுக்கலாம். மெரூன்மேல் அது நன்றாகவே நிற்கும், தூரத்திலிருந்து படிக்கவும் எளிது. ஆனால் செயற்குழுவில் யாராவது “தங்கம் இல்லாமல் தீபாவளியா?” என்று கேட்டுவிடுவார்கள்.

கறுப்பிலும் ஒரு பொறி இருக்கிறது. திரையின் முழுக் கறுப்பை ஃபோட்டோஷாப் தன் பழைய இயல்பு அமைப்பில் நான்கு மைக்கு மாற்றினால் 75, 68, 67, 90 விழுக்காடு என நான்கு மையும் சேர்ந்த கறுப்பு வரும். மொத்தம் 300 விழுக்காடு மை. பெரிய பின்னணிக்கு அது பரவாயில்லை. நிகழ்ச்சி நிரலின் பொடி எழுத்துகளுக்கு அது விஷம். நான்கு தகடுகளில் ஒன்று மயிரிழை விலகினாலும் ஒவ்வொரு எழுத்தைச் சுற்றியும் நிற ஓரம் தட்டும். பொடி எழுத்துக்குக் கறுப்பு மை மட்டும் நூறு விழுக்காடு, மற்ற மூன்றும் பூஜ்யம்.

இதுவரை சொன்னவை எந்த மொழிச் சுவரொட்டிக்கும் பொருந்தும். தமிழுக்கென்று தனித் தொல்லை இருக்கிறது. ‘அச்சகம் கெடுத்தது’ என்ற கூற்று முழுதாகக் கவிழ்வதும் அங்கேதான்.

‘இசை’ என்ற இரண்டெழுத்துச் சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்கு ஐகாரக் குறி சகரத்துக்கு முன்னால் நிற்கிறது. யூனிகோடு கோப்பில் வரிசை வேறு: முதலில் சகரம், பிறகுதான் ஐகாரக் குறி. திரையில் காட்டும்போது அந்தக் குறியை முன்னால் கொண்டுவந்து நிறுத்துவது மென்பொருளின் வேலை. அன்று அச்சுக்கோப்பாளரின் விரல் செய்ததை இன்று மென்பொருள் செய்கிறது. இந்திய எழுத்துகளின் ஒழுங்கு தெரியாத மென்பொருளில், அல்லது தெரிந்த மென்பொருளிலேயே தெற்காசிய மொழிகளுக்கான அமைப்பைத் தேர்ந்தெடுக்காத நிலையில், அதே சொல்லை ஒட்டினால் ஐகாரக் குறி சகரத்துக்குப் பின்னால் நின்றுவிடும். ஒகரமும் ஓகாரமும் இரண்டு துண்டாகப் பிரிந்து குறி ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் அலையும். புள்ளி எழுத்தின் தலையை விட்டு நகர்ந்து அந்தரத்தில் தொங்கும். மொழிபெயர்ப்பாளர் கொடுத்த வேர்டு கோப்பில் எல்லாம் சரியாக இருந்திருக்கும். வடிவமைப்பாளர் அதை நகலெடுத்துத் தன் மென்பொருளில் ஒட்டிய அந்த நொடியில் உடைந்திருக்கும். அவர் சீனராகவோ மலாய்க்காரராகவோ இருந்தால் உடைந்தது அவர் கண்ணுக்குத் தெரியாது. அச்சு இயந்திரத்தின் பக்கத்தில் நிற்பவருக்கும் தெரியாது. அவர்களைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? தாய்லாந்து எழுத்தில் ஒரு வரி தலைகீழாக வந்தால் நமக்குத் தெரியுமா?

பழைய எழுத்துருக்கள் இன்னொரு சிக்கல். தொண்ணூறுகளில் ஒவ்வொரு தமிழ் எழுத்துருவும் தனக்கென ஒரு குறியேற்றம் வைத்திருந்தது. ஒருவர் தட்டியதை இன்னொருவர் கணினியில் திறந்தால் கிறுக்கலாகத் தெரியும். இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் நா. கோவிந்தசாமி 1997-ல் சிங்கப்பூரில் தமிழ்நெட் மாநாட்டைக் கூட்டினார். யூனிகோடு பரவிய பின் தீர்ந்துவிட்டதாக நினைத்தோம். ஆனால் பல அமைப்புகளில் பழைய நிகழ்ச்சியின் கோப்பைத் திறந்து தேதியை மட்டும் மாற்றி அனுப்பும் பழக்கம் இன்னும் உயிரோடு இருக்கிறது. அந்தக் கோப்பு கேட்கும் எழுத்துரு அச்சகத்தின் கணினியில் இருக்காது. கணினி வேறொன்றைப் போட்டு நிரப்பும். கிறுக்கல் திரும்பிவரும். பிடிஎஃப் ஆக்கும்போது எழுத்துருவை உள்ளே பதித்து அனுப்பியிருந்தால் இது நேர்ந்திருக்காது.

மூன்றாவது, எழுத்தின் உருவம் பற்றியது. ண, ஞ, ழ ஆகியவற்றின் உட்சுழிகள் மிகச் சிறியவை. மை காகிதத்தில் சற்றுப் பரவத்தான் செய்யும். அடர்நிறப் பின்னணியில் வெள்ளை எழுத்தாக, எட்டுப் புள்ளி அளவில், மெல்லிய எழுத்துருவில் இவற்றை விட்டால் சுழிகள் மையால் அடைபடும். ஆங்கில வரிக்குப் பொருந்துகிற அளவைத் தமிழ் வரிக்கும் கொடுத்து நான்கு மொழியையும் ஒரே கட்டத்துக்குள் அடைக்கும் வடிவமைப்புகளில் இது அடிக்கடி நடக்கிறது. தடித்த வடிவம் இல்லாத எழுத்துருவுக்கு மென்பொருளே செயற்கையாகத் தடிமன் ஏற்றினால் இன்னும் மோசம். தமிழ் வரிக்கு ஒரு புள்ளி பெரிய அளவும் சற்று அதிக இடைவெளியும் கேட்டு வாங்குவது நம் உரிமை. அச்சான பிறகு கேட்டுப் பயனில்லை.

2014-ல் லாவ் பா சாட் உணவங்காடிக்கு வழிகாட்டும் பலகையில் ‘சாட்’ என்பது சனிக்கிழமையின் சுருக்கமாகப் புரிந்துகொள்ளப்பட்டுத் தமிழில் ‘சனி’ ஆனது பலருக்கு நினைவிருக்கும். 2017 தேசிய தின அணிவகுப்பின் விளம்பரத் துண்டேட்டில் தமிழ் வரி பிழையாக வந்து ஏற்பாட்டுக் குழு மன்னிப்புக் கேட்டது. இவை நடந்தபோதெல்லாம் நம்மிடையே எழுந்த கூச்சல் ஒன்றேதான்: மொழிபெயர்ப்பு சரியில்லை, தமிழ் தெரிந்தவரை வையுங்கள். ‘சனி’ உண்மையிலேயே மொழிபெயர்ப்புப் பிழை. எந்தக் கோப்புத் தயாரிப்பும் அதைத் தடுத்திருக்காது. ஆனால் தமிழில் அச்சாகும் எல்லாப் பிழையையும் மொழிபெயர்ப்பாளர் தலையிலோ அச்சகத்தின் தலையிலோ கட்டிவிடுவதால், நடுவில் இருக்கும் கட்டம், சரியான தமிழ் வடிவமைப்புக் கோப்புக்குள் நுழையும் கட்டம், யாருடைய பார்வையும் படாமல் தப்பித்துக்கொள்கிறது. மொழிபெயர்ப்பைச் சரிபார்க்கிறோம், அச்சான பின் குறை கண்டுபிடிக்கிறோம். இடையில் ஒருமுறை பார்த்திருந்தால் போதும்.

மறுதரப்பின் வலுவான வாதத்தையும் கேட்போம். “நான் காசு கொடுக்கிறேன். தொழில் தெரிந்தவர் அவர். கோப்பில் குறை இருந்தால் எச்சரிக்க வேண்டியது அவர் கடமை இல்லையா?” கடமைதான், பாதி. படத்தின் நுணுக்கம் குறைவு, எழுத்துரு பதியவில்லை, வெட்டு ஓரத்தில் 3 மில்லிமீட்டர் கூடுதல் விடவில்லை என்பவற்றைக் கணினியே சோதித்துச் சொல்லிவிடும். அவற்றைச் சொல்லாமல் அச்சிட்டுக் காசு வாங்குகிற கடையை நான் ஆதரிக்கப் போவதில்லை. மீதிப் பாதியை எந்தச் சோதனையும் பிடிக்காது. இடம் மாறிய கொம்பு கணினிக்குப் பிழையே இல்லை. எழுத்தை வடிவமாகவோ படமாகவோ மாற்றி அனுப்பியிருந்தால் அங்கே தமிழ் என்று ஒன்று இருப்பதே அதற்குத் தெரியாது, வெறும் கோடுகள். பழுப்பை நீங்கள் தங்கமாக நினைத்தீர்கள் என்பதும் தெரியாது. உங்கள் மனதில் இருந்ததை அச்சிடும் இயந்திரம் இன்னும் வரவில்லை.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. அவர்கள் என் பக்கம் நிற்பதுபோலத் தோன்றும்; ஆனால் அவர்களையும் மறுக்க வேண்டியிருக்கிறது. “300 டிபிஐ, சிஎம்ஒய்கே, அவ்வளவுதான் விஷயம்” என்று மந்திரம் சொல்பவர்கள். 1,600 பிக்சல் படத்தைத் திறந்து 72 என்றிருந்த எண்ணை 300 ஆக மாற்றிச் சேமித்துவிட்டால் ஒரு புது விவரமும் பிறக்காது. மென்பொருள் இருப்பதை இழுத்து நிரப்பும், அல்லது அச்சளவைக் குறைத்துக் காட்டும். அந்த 300-ம் வேதவாக்கு இல்லை. மனிதக் கண் பிரித்தறியும் மிகச் சிறிய கோணம் ஏறத்தாழ ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு. 30 சென்டிமீட்டர் தூரத்தில் அது அங்குலத்துக்கு சுமார் 290 புள்ளிகள். கையில் பிடிக்கும் துண்டேட்டுக்கு 300 கேட்பது இதனால் பொருந்துகிறது. பத்து மீட்டர் தூரத்தில் அதே கண்ணுக்கு ஒன்பது புள்ளி போதும். 1999 முதல் இந்த வட்டாரத்தைச் சுற்றிவரும் இலகு ரயிலில் இருந்தபடி ஃபஜார் சாலை ஓரத்து பேனரைப் பார்ப்பவருக்காக 300 டிபிஐ கோப்பு செய்வது கணினியை வதைப்பதற்கு மட்டுமே உதவும். சாதாரணக் கைப்பேசியின் 4,000 பிக்சல் படம் மூன்று மீட்டர் பேனருக்கு அங்குலத்துக்கு 34 வரை தரும். அந்தத் தூரத்துக்கு அது தாராளம். ஆனால் எழுத்துகளைப் படமாக்காமல் எழுத்தாகவே விட வேண்டும்; அப்போது எந்த அளவிலும் ஓரம் கூர்மையாக இருக்கும்.

நான்கு மை நிறத்துக்கு மாற்றச் சொல்லும் சிஎம்ஒய்கே மந்திரமும் அப்படித்தான். எந்த இயந்திரம், எந்தக் காகிதம் என்று தெரியாமல் முன்கூட்டியே மாற்றிவிட்டால், அகல நிறப்பரப்பு கொண்ட டிஜிட்டல் இயந்திரத்தில் கிடைத்திருக்கக்கூடிய நிறங்களையும் நாமே வெட்டி எறிந்தவர்கள் ஆவோம். பிடிஎஃப்/எக்ஸ்-4 வடிவம் நிறக் குறிப்போடு மூலப் படத்தையே ஏற்கும். எந்த வடிவம் வேண்டும் என்று கடையில் முதலில் கேட்டுவிடுங்கள். கேட்பதற்குக் காசு வாங்க மாட்டார்கள்.

செயற்கை நுண்ணறிவு எல்லாவற்றையும் சரிசெய்துவிடும் என்று இப்போது புதிதாகச் சொல்கிறார்கள். படத்தைப் பெரிதாக்கும் செயலிகள் இல்லாத விவரத்தை ஊகித்து வரைகின்றன. விருந்தினரின் முகத்தில் அவருடையதல்லாத புருவம் முளைத்தால் யாரிடம் புகார் செய்வது? படத்தோடு சேர்த்துத் தமிழ் எழுத்தையும் வரையச் சொன்னால் எழுத்தைப் போன்ற ஏதோ ஒன்று வந்துவிடுவதுண்டு. பின்னணியை அதனிடம் கேளுங்கள், தமிழை நீங்களே தட்டுங்கள்.

எனவே செயற்குழு நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த நிகழ்ச்சிக்கு யார் வரைவது, எந்தக் கடை என்று முடிவுசெய்யும் அதே கூட்டத்தில், அச்சுக்குப் போகும் பிடிஎஃப் கோப்பைக் காகிதத்தில் எடுத்துத் தமிழை ஒவ்வோர் எழுத்தாகப் படித்துக் கையெழுத்திடப் போகிறவர் யார் என்றும் பெயர் எழுதிவையுங்கள். வேர்டு கோப்பைப் படித்துவிட்டுக் கையெழுத்திட வேண்டாம். கடைக்குப் போகும் அதே கோப்பைப் படியுங்கள். ஏ3 சுவரொட்டியானால் அதன் ஒரு பகுதியை முழு அளவில் ஏ4 தாளில் எடுத்தால் போதும், முகமும் பொடி எழுத்தும் தம் நிலையைச் சொல்லிவிடும். நிறத்துக்கு, கடையில் அதே இயந்திரத்தில் அதே தாளில் ஒரு பிரதி எடுத்துத் தரச் சொல்லிப் பார்த்த பிறகு மீதியை அடிக்கச் சொல்லுங்கள். இத்தனையும் செய்து கையெழுத்திட்ட பிரதிக்கும் அச்சான பிரதிக்கும் வேறுபாடு இருந்தால், இரண்டையும் எடுத்துக்கொண்டு ரோச்சோருக்குப் போய்த் தாராளமாகச் சண்டை போடுங்கள்; நானும் வருகிறேன்.